டேட்டாபேஸ் சப்போர்ட் ஒப்பந்தம்: காசு கொடுத்து உண்மையில் எதை வாங்குகிறோம்?

#1 மொகா_மணி

எல்லோருக்கும் வணக்கம். மொரிஷியஸ், போர்ட் லூயியில் மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்காகக் கேட்கிறேன். இருப்பும் பில்லிங்கும் போஸ்ட்கிரெஸ் 12 என்ற இலவச டேட்டாபேஸில் ஓடுகின்றன, அளவு 480 ஜிபி. வெப்சைட் ஆர்டர்கள் இன்னொரு இலவச டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 5.7-இல், 60 ஜிபி. இரண்டும் சொந்த சர்வர்கள், தரைத்தளத்தில். இரவு 1 மணிக்கு டம்ப் (முழுத் தரவின் நகல்) எடுத்து ஜோகன்னஸ்பர்க் கிளவுடுக்கு அனுப்புகிறோம், 50 எம்பிபிஎஸ் லைன். டெவலப்பர்கள் இரண்டு பேர், டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) இல்லை.

மூன்று கொட்டேஷன் கையில் இருக்கிறது. பிரான்ஸ் நிறுவனம் ஒன்று: ஆண்டுச் சந்தா, சர்வர் எண்ணிக்கைப்படி, 24 மணி நேரமும். சென்னை நிறுவனம் ஒன்று: 60 மணி நேரத்துக்கு முன்பணம், தேவைப்படும்போது கழித்துக்கொள்ளலாம். எபென் சைபர் சிட்டியில் ஒரு நிறுவனம்: மாதக் கட்டணம், அலுவலக நேரம் மட்டும், தேவைப்பட்டால் நேரில் வருவார்கள்.

நிர்வாகம் "இலவச மென்பொருளுக்கு எதற்குச் சந்தா?" என்கிறது. அதே வாயால் "பேசாமல் ஆரக்கிளுக்கு மாறிவிட்டால் தொல்லை விட்டது" என்றும் சொல்கிறது. எதை வைத்து எடை போடுவது?

#2 வால்_வாசகன்

கொட்டேஷனை ஓரமாக வையுங்கள், முதலில் ஒரு கணக்கு. 480 ஜிபி தரவின் டம்ப் சுருங்கி 150 ஜிபி என்று வைப்போம். 50 எம்பிபிஎஸ் லைனில் அதை இறக்க 150 × 8 × 1000 ÷ 50 = 24,000 விநாடி, அதாவது 6 மணி 40 நிமிடம். லைன் முழுவதும் உங்களுக்கே கிடைத்தால்தான் இது. இறக்கியபின் டம்பிலிருந்து டேபிளை நிரப்பி எல்லா இண்டெக்ஸையும் (தேடல் அட்டவணை) புதிதாகக் கட்ட வேண்டும். சாதாரண டிஸ்கில் அதற்கும் மணிக்கணக்கில் ஆகும். மாலை 4 மணிக்கு டிஸ்க் போனால் அன்று காலையிலிருந்து போட்ட பில் ஒன்றுகூடத் திரும்பாது, ஏனென்றால் கடைசி டம்ப் இரவு 1 மணிக்கு எடுத்தது.

மூன்று நிறுவனங்களில் எதை எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சப்போர்ட் என்பது கேள்விக்குப் பதில். பேக்கப் எடுப்பது, அதை ரீஸ்டோர் செய்து பார்ப்பது, பதிப்பு உயர்த்துவது, ராத்திரி அலாரம் கவனிப்பது, இதெல்லாம் பெரும்பாலான சந்தாக்களில் அடங்காது. அதை மேனேஜ்டு சர்வீஸ் என்று தனியாக விற்பார்கள், விலையும் தனி. கொட்டேஷனில் இந்த நான்கும் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பாருங்கள்.

"30 நிமிடப் பதில்" என்பதையும் கவனமாகப் படிக்கவும். 30 நிமிடத்துக்குள் ஒரு மனிதர் டிக்கெட்டைத் தொடுவார், அவ்வளவுதான். இத்தனை மணிக்குள் சரியாகும் என்று பொதுவாக எந்த நிறுவனமும் கையெழுத்துப் போடாது. உங்கள் டிஸ்க், உங்கள் பேக்கப், உங்கள் கோடு எதுவும் அவர்கள் கையில் இல்லை.

எனவே காசு செலவழிக்கும் வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் டம்பை மட்டும் நம்புவதை நிறுத்துங்கள். பிஜிபேக்ரெஸ்ட் அல்லது பார்மன் என்ற பேக்கப் கருவி போட்டு வாரம் ஒரு முழு பேக்கப், தினமும் டிஃபரன்ஷியல் (முழு பேக்கப்புக்குப் பின் மாறியது மட்டும்), வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் லாக்) ஃபைல்கள் தொடர்ச்சியாக. வால் ஃபைலை வெளியே அனுப்பும் இடைவெளியான ஆர்க்கைவ்_டைம்அவுட்டை 60 விநாடி வைத்தால் இழப்பு ஒரு நிமிட அளவில் நிற்கும். ஒவ்வொரு வால் ஃபைலும் 16 எம்பி. நிமிடத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 23 ஜிபி. பயப்பட வேண்டாம், பாதி காலியான ஃபைல்கள் கம்ப்ரெஸ் ஆகும்போது சுருங்கிவிடும். கம்ப்ரெஷன் போடாமல் அப்படியே தள்ளினாலும் சராசரி 2 எம்பிபிஎஸ் சொச்சம்தான், 50 எம்பிபிஎஸ் லைன் தாங்கும்.

ஒரு நகல் இந்தத் தீவுக்குள்ளேயே, வேறு கட்டடத்தில், முடிந்தால் மேட்டு நிலத்தில் இருக்கட்டும். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயி தெருக்களில் கார் மிதந்தது எல்லோரும் பார்த்ததுதான். தரைத்தளத்தில் சர்வர் வைத்துவிட்டு பாரிஸிலிருந்து 24 மணி நேர சப்போர்ட் வாங்குவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

#3 பழைய_ஆரக்கிள்

ஆரக்கிள் பேச்சு வந்ததால் எண்களை மட்டும் வைக்கிறேன், முடிவு உங்கள் நிர்வாகத்துக்கு. ஸ்டாண்டர்டு எடிஷன் 2-இன் பட்டியல் விலை ஒரு சாக்கெட்டுக்கு (மதர்போர்டில் ஒரு சிபியு சிப்) 17,500 டாலர். ஆண்டு சப்போர்ட் லைசென்ஸ் தொகையில் 22 சதவீதம், அதாவது 3,850 டாலர். எண்டர்பிரைஸ் என்றால் 47,500-உம் 10,450-உம். அதில் சாக்கெட் கணக்கு இல்லை, கோர் எண்ணிக்கையை 0.5 என்ற ஃபாக்டரால் பெருக்க வேண்டும், சாதாரண இன்டெல் சிப்புக்கு. 16 கோர் மெஷின் என்றால் 8 லைசென்ஸ். தள்ளுபடி கேட்டால் கிடைக்கும், ஆனால் அமைப்பு இதுதான்.

நிர்வாகத்துக்கு யாரும் சொல்லாத இரண்டு விதிகள் உண்டு. ஒரு வருடம் சப்போர்ட்டைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுத் திரும்பச் சேர வேண்டுமென்றால், விடுபட்ட காலத்துக்குக் கடைசி ஆண்டுக் கட்டணத்தில் 150 சதவீதம் என்ற கணக்கில் கட்ட வேண்டும். இரண்டாவது, பத்து லைசென்ஸ் வாங்கி ஆறுக்கு மட்டும் சப்போர்ட் வைத்துக்கொள்கிறேன் என்றால் விடமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நிலை.

ஸ்டாண்டர்டு எடிஷன் 2-க்கு இன்னொரு கட்டு: இரண்டு சாக்கெட்டுக்கு மேல் உள்ள மெஷினில் போடக் கூடாது, ஒரு டேட்டாபேஸ் 16 சிபியு த்ரெட்டுக்கு மேல் பயன்படுத்தாது. 480 ஜிபி பில்லிங்குக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் போஸ்ட்கிரெஸில் எழுதிய ஸ்டோர்டு ஃபங்ஷன்களை ஆரக்கிளின் பிஎல்/எஸ்கியூஎல்லுக்கு மாற்றுவதற்கே இரண்டு டெவலப்பர்களுக்கு மாதக்கணக்கில் வேலை இருக்கும். வெற்று எழுத்துச் சரத்தையும் நல் (NULL, மதிப்பே இல்லாதது) என்பதையும் ஆரக்கிள் ஒன்றாகப் பார்க்கும் என்ற ஒரே விஷயம் போதும், பாதி ரிப்போர்ட் தப்பாக வர. தொல்லை விடாது, இடம் மாறும்.

#4 கணக்குப்பிள்ளை

தொழில்நுட்பம் எனக்கு இரண்டாம் பட்சம், பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பட்ஜெட் ரூபாயில், பில் யூரோவில் அல்லது டாலரில். மூன்று வருட ஒப்பந்தம் என்றால் மாற்று விகித ஏற்றத்துக்கு ஒதுக்கீடு வைக்காமல் கையெழுத்திடாதீர்கள். தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து இருக்கிறதா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, இரண்டாம் ஆண்டு விலை எவ்வளவு ஏறலாம், மூன்றையும் எண்ணாக எழுதி வாங்குங்கள்.

மணிநேரக் கணக்கில் முன்பணம் கட்டினால்: மிச்சமுள்ள மணிநேரம் அடுத்த ஆண்டுக்குப் போகுமா, காலாவதியாகுமா? ஒரு டிக்கெட்டுக்குக் குறைந்தபட்சக் கழிவு எவ்வளவு? 10 நிமிடக் கேள்விக்கு ஒரு மணி நேரம் கழித்தால் 60 மணி என்பது 60 கேள்விதான். இரவிலும் ஞாயிறன்றும் ஒரு மணிக்கு இரண்டு மணியாகக் கழிக்கிறார்களா என்றும் கேளுங்கள். பலர் அப்படித்தான் கழிக்கிறார்கள், அச்சில் சிறிய எழுத்தில் இருக்கும்.

#5 நள்ளிரவு_டியூட்டி

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன நேரக் கணக்கைக் கொஞ்சம் நீட்டுறேன். மொரிஷியஸ் வருஷம் பூரா ஒரே நேரம். பாரிஸ் குளிர்காலத்துல நமக்கு 3 மணி பின்னாடி, கோடையில 2 மணி. அவங்க காலை 9-லேருந்து மாலை 6-ன்னா, நமக்குக் குளிர்காலத்துல மதியம் 12-லேருந்து இரவு 9. "அலுவலக நேர சப்போர்ட்" வாங்கினா உங்க காலை பில்லிங் நேரம் பூரா ஆள் இல்லை. சென்னை நமக்கு ஒன்றரை மணி முன்னாடி. அவங்க 9:30-லேருந்து 6:30-ன்னா நமக்குக் காலை 8-லேருந்து மாலை 5. கச்சிதமாப் பொருந்துது.

லீவு நாள் பட்டியலையும் ஒப்பந்தத்துல ஒட்டச் சொல்லுங்க. தைப்பூசக் காவடிக்கு இங்க அரசு விடுமுறை, பாரிஸ்ல வேலை நாள். ஜூலை 14 தலைகீழ். ரெண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்தாத்தான் எத்தனை நாள் ஓட்டைன்னு தெரியும்.

அடுத்து, முதல் நிலை அவசரம்னு டிக்கெட் போட்டா நீங்களும் 24 மணி நேரமும் போன்ல இருக்கணும். ஆரக்கிள்லேருந்து சின்ன கடை வரைக்கும் எல்லாருக்கும் இதே விதி. நம்ம பக்கம் ஆள் இல்லைன்னா டிக்கெட்டை இரண்டாம் நிலைக்கு இறக்கிடுவாங்க, அதுல தப்பு சொல்ல முடியாது. டெவலப்பர் ரெண்டே பேருன்னா ஒருத்தர் லீவுல இருக்கும்போது ராத்திரி 3 மணிக்கு யார் எடுப்பாங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. ஆள் இல்லாத வீட்டுக்கு 24 மணி நேர சப்போர்ட் வீண்.

டிக்கெட்ல என்ன எழுதணும்னு இப்பவே ஒரு படிவம் செஞ்சு வெச்சுக்கோங்க:

— பதிப்பு, கடைசிப் புள்ளி வரைக்கும். "போஸ்ட்கிரெஸ் 12" போதாது, 12.17-ஆ 12.22-ஆன்னு வேணும்.
— ஓஎஸ் பதிப்பு, ரேம், டிஸ்க் வகை, விர்ச்சுவல் மெஷினா.
— எப்ப ஆரம்பிச்சது, எந்த நேர மண்டலத்துல. லாக் யுடிசி-யில இருந்து நீங்க உள்ளூர் நேரம் சொன்னா 4 மணி நேரம் தள்ளித் தேடுவாங்க.
— அதுக்கு முன்னாடி என்ன மாறுச்சு: டெப்ளாய், இண்டெக்ஸ், ஓஎஸ் அப்டேட், ஏதாவது.
— லாக் எழுத்தாக. மானிட்டரை போன்ல படம் புடிச்சு அனுப்பாதீங்க.
— மெதுவா ஓடுற குவெரின்னா எக்ஸ்ப்ளெயின் (குவெரி எந்த வழியில ஓடுதுன்னு காட்டுற திட்டம்), அனலைஸும் பஃபர்ஸும் போட்டு. வெறும் எக்ஸ்ப்ளெயின்ல மதிப்பீடு மட்டும்தான் இருக்கும், உண்மையில எத்தனை வரி வந்துச்சுன்னு இருக்காது.
— வியாபாரத்துல என்ன நின்னுருக்கு. "மெதுவா இருக்கு"-வுக்கும் "லாரி வெளியே போக முடியல"-வுக்கும் வரிசையில வேற வேற இடம்.

பண்ணக் கூடாதது: ஒரு ப்ராசஸ் தொங்குதுன்னு கில் மைனஸ் 9 (கட்டாயமாக் கொல்றது) போடாதீங்க. போஸ்ட்கிரெஸ்ல ஒரு பேக்எண்ட் (ஒரு இணைப்பைக் கவனிக்கிற ப்ராசஸ்) அப்படிச் செத்தா ஷேர்டு மெமரி கெட்டிருக்கலாம்னு தாய் ப்ராசஸ் எல்லா செஷனையும் வெட்டிட்டு ரிகவரிக்குப் போகும். முதல்ல குவெரியை நிறுத்துற பிஜி_கேன்சல்_பேக்எண்ட், அதுக்கு மசியலைன்னா இணைப்பையே வெட்டுற பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட். ஸ்டார்ட் ஆகலைன்னா நெட்ல பார்த்துட்டு வாலைத் துடைச்சுப் போடுற பிஜி_ரீசெட்வால் ஓட்டாதீங்க. சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரி முழுசையும் வேற டிஸ்குக்கு நகல் எடுத்துட்டு அப்புறம் டிக்கெட் போடுங்க. நகல் இல்லாம ரீசெட்வால் ஓட்டின பிறகு வர்ற தரவு ஒண்ணுக்கொண்ணு பொருந்துதான்னு எந்த நிபுணராலும் உத்தரவாதம் தர முடியாது.

#6 கியூர்பீப்_மழை

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். போஸ்ட்கிரெஸ் 12, பிஜி_வால் டைரக்டரி 180 ஜிபி-க்கு ஏறிவிட்டது, டிஸ்கில் 11 ஜிபி மிச்சம். பழைய ஃபைல்களை நீக்கலாமா?

#7 வால்_வாசகன்

நீக்காதீர்கள். ஒரு ஃபைலைக்கூட. கையால் நீக்கியபின் சர்வர் விழுந்தால் ரிகவரி ஆகாது.

வால் தேங்க மூன்று காரணங்கள்தான் வழக்கம். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பாருங்கள்: ஆக்டிவ் என்பது பொய் என்றும், ரீஸ்டார்ட்_எல்எஸ்என் வெகு பின்னாலும் இருந்தால், எப்போதோ நிறுத்திய ரெப்ளிகாவின் (நகல் சர்வர்) ஸ்லாட் (அது எதுவரை படித்தது என்ற குறிப்பு) இன்னும் வாலைப் பிடித்து வைத்திருக்கிறது. இல்லையென்றால் பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவர்: ஃபெயில்டு_கவுண்ட் ஏறிக்கொண்டே இருந்தால் ஆர்க்கைவ் கமாண்ட் தோற்கிறது, பெரும்பாலும் என்ஏஎஸ் (நெட்வொர்க் டிஸ்க்) மவுண்ட் கழன்றிருக்கும், அல்லது அந்தப் பக்கம் இடம் நிறைந்திருக்கும். மூன்றாவது, எத்தனை வால் ஃபைலை வைத்திருப்பது என்ற வால்_கீப்_செக்மெண்ட்ஸ் அமைப்பை யாரோ பெரிய எண்ணாக வைத்திருப்பது.

ஸ்லாட் என்றால், அந்த ரெப்ளிகா இனி வேண்டாம் என்று உறுதியான பிறகு பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட், பிறகு ஒரு செக்பாயிண்ட் (மாற்றங்களை டிஸ்கில் எழுதி முடிப்பது). சில நிமிடங்களில் இடம் திரும்பும். ஸ்லாட்டை நீக்கியபின் அந்த ரெப்ளிகா திரும்ப வேண்டுமென்றால் பேஸ் பேக்கப்பிலிருந்து புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆர்க்கைவ் என்றால் மவுண்டைச் சரிசெய்யுங்கள், அதுவாகவே விட்ட இடத்திலிருந்து தொடரும்.

#8 கியூர்பீப்_மழை

ஸ்லாட்தான். 'ரிப்போர்ட்_பழையது' என்று ஒன்று, ஆக்டிவ் இல்லை. எடுத்துவிட்டு செக்பாயிண்ட் போட்டதும் 4 ஜிபி-க்கு இறங்கியது. மிக்க நன்றி. இது திரும்ப வராமல் இருக்க ஏதாவது அமைப்பு?

#9 நள்ளிரவு_டியூட்டி

பதிப்பு 13-லேருந்து மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் இருக்கு. 50 ஜிபி-ன்னு வெச்சா, அதுக்கு மேல பின்தங்கின ஸ்லாட்டைத் தூக்கிட்டு சர்வரைக் காப்பாத்தும். இயல்பு மதிப்பு மைனஸ் 1, அதாவது எல்லையே இல்லை. பலர் இதைத் தொடறதே இல்லை. 18-ல ஐடில்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்_டைம்அவுட்டும் சேர்த்திருக்காங்க. உங்க 12-ல ரெண்டும் கிடையாது. மானிட்டரிங்ல ஸ்லாட் பின்தங்கல் 20 ஜிபி தாண்டினா அலாரம், அது மட்டும்தான் வழி. கூடவே அந்த டிஸ்க்ல 5 ஜிபி-க்கு ஒரு வெத்து ஃபைல் போட்டு வைங்க. டிஸ்க் நிறைஞ்சு சர்வர் பேனிக் ஆனா அதை நீக்கிட்டு எழுப்பலாம்.

மணி, பாருங்க, காசு கொடுத்து வாங்குற முதல் நிலை டிக்கெட்ல பாதி இந்த மாதிரிதான். பதில் பத்து வரி, ஆனா அந்தப் பத்து வரி அந்த நேரத்துல கையில இருக்கணும்.

#10 மொகா_மணி

இரண்டு பேருமே 12-ஐக் குறை சொல்கிறீர்கள். பிரான்ஸ் நிறுவனமும் "12-க்குக் கேள்வி கேட்கலாம், திருத்தம் கிடையாது" என்று எழுதியிருக்கிறது. சந்தாவில் சேர்ந்துவிட்டு உயர்த்துவதா, உயர்த்திவிட்டுச் சேர்வதா?

#11 வால்_வாசகன்

அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்பையும் 5 ஆண்டு பராமரிக்கிறது. 12-க்கு 2024 நவம்பரில் வந்த 12.22 கடைசி. அதன்பின் வெளியான பாதுகாப்புத் திருத்தம் எதுவும் உங்களுக்கு இல்லை. திருத்தங்கள் வழக்கமாகப் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாத இரண்டாம் வியாழனில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், இலவசமாக வெளிவரும். சந்தா கட்டியவருக்குத் தனி ரகசியத் திருத்தம் என்று போஸ்ட்கிரெஸில் பொதுவாகக் கிடையாது. காலாவதியான பதிப்புக்குத் தனிக் கட்டணத்தில் திருத்தம் செய்து தரும் கடைகள் உண்டு. அந்தக் காசில் உயர்த்திவிடலாம்.

12-லிருந்து 17-க்கோ 18-க்கோ பிஜி_அப்கிரேட் ஒரே தாவலில் போகும், இடைப் பதிப்புகள் தேவையில்லை. எங்கே சறுக்கும் என்றால்:

18-இல் புதிய கிளஸ்டர் உருவாக்கும்போது செக்சம் (தரவு கெட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தானாகவே இயங்கும். உங்கள் 12-இல் செக்சம் இல்லையென்றால் பிஜி_அப்கிரேட் இரண்டும் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். ஒன்று, பழையதை நிறுத்தி பிஜி_செக்சம்ஸ் ஓட்டி இயக்கிக்கொள்ளுங்கள், 480 ஜிபி-யையும் படித்து எழுதும், நேரம் ஒதுக்குங்கள். அல்லது புதியதை 'நோ டேட்டா செக்சம்ஸ்' என்று உருவாக்குங்கள். நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

நகல் முறையில் இன்னொரு 480 ஜிபி இடம் வேண்டும். லிங்க் முறை (பழைய ஃபைல்களையே பகிர்வது) நிமிடங்களில் முடியும், ஆனால் புதியதை ஒருமுறை ஸ்டார்ட் செய்த பிறகு பழையதை எழுப்ப முடியாது. திரும்பும் வழி பேக்கப் மட்டும்தான். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டத்தில் ரீஃப்லிங்க் வசதி இருந்தால் க்ளோன் முறை இரண்டுக்கும் நடுவே நல்ல வழி.

17-க்குப் போனால் ஆப்டிமைசர் (குவெரிக்கு வழி தேர்வது) நம்பும் புள்ளிவிவரங்கள் அதோடு சேர்ந்து வராது. உடனே வேக்யும்டிபி-யை 'அனலைஸ் இன் ஸ்டேஜஸ்' போட்டு ஓட்டாமல் பில்லிங்கைத் திறந்தால் எல்லாக் குவெரியும் ஊர்ந்து, உயர்த்தல் தோல்வி என்று எல்லோரும் பதறுவார்கள். 18 பெரும்பாலான புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு வரும்.

ஓஎஸ்ஸையும் அதோடு மாற்றுகிறீர்களா? லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28-க்குக் கீழிருந்து மேலே போனால், அதாவது சென்ட்ஓஎஸ் 7-லிருந்து 8 அல்லது 9 வகைக்கு, டெபியன் 9-லிருந்து 10-க்கோ அதற்கு மேலோ, எழுத்து வரிசை விதிகள் மாறியிருக்கும். டெக்ஸ்ட் இண்டெக்ஸ் எல்லாவற்றையும் ரீஇண்டெக்ஸ் செய்யாவிட்டால் இருக்கிற வாடிக்கையாளரை 'இல்லை' என்று சொல்லும், யுனிக் இண்டெக்ஸில் ஒரே பெயர் இரண்டு முறை நுழையும். பிழைச் செய்தி எதுவும் வராது. எனக்குத் தெரிந்து காசு கொடுத்து ஆளை வைத்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம்.

#12 பழைய_ஆரக்கிள்

மைஎஸ்கியூஎல் பக்கமும் மறக்கக் கூடாது. 5.7 2023 அக்டோபரோடு முடிந்தது. 8.0-க்குக் கெடு 2026 ஏப்ரல். எனவே இலக்கு 8.4 எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு). ஆனால் 5.7-லிருந்து நேராக 8.4-க்கு ஏற முடியாது, 8.0-இல் ஒரு கால் வைத்துத்தான் போக வேண்டும். முதலில் மைஎஸ்கியூஎல் ஷெல்லில் உள்ள அப்கிரேட் செக்கரை ஓட்டுங்கள், 5.7 ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டலாம். 'ரேங்க்', 'குரூப்ஸ்', 'சிஸ்டம்' என்று டேபிள் நெடுவரிசைக்குப் பெயர் வைத்திருந்தால் 8.0-இல் அவை ஒதுக்கப்பட்ட சொற்கள், குவெரி உடையும். 8.4-இல் பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கும். பழைய பிஹெச்பி டிரைவர் லாகின் ஆகாது. ஒருமுறை 8.0 ஸ்டார்ட் ஆனால் அந்த டேட்டா டைரக்டரி 5.7-க்குத் திரும்பாது.

#13 கணக்குப்பிள்ளை

மேற்கோள்: "அந்தக் காசில் உயர்த்திவிடலாம்"

அப்படியானால் எனக்குப் புரிவது: முதலில் வேண்டியது வேலை செய்து தரும் ஆள், பதில் சொல்லும் ஆள் பிறகு. சென்னைக்காரரின் 60 மணியை இந்த இரண்டு உயர்த்தலுக்கும் பேக்கப் அமைப்புக்கும் செலவழித்துவிட்டு, ஆண்டுச் சந்தாவை அப்புறம் பேசலாமே?

#14 நள்ளிரவு_டியூட்டி

ஐயா சொல்றது சரி, ஆனா மணிநேரக் கணக்கு வாங்குறவங்களுக்கு வரிசையில கடைசி இடம்தான். அதே ராத்திரி ஆண்டுச் சந்தாக்காரர் ஒருத்தர் அழைச்சா அவருக்குத்தான் முதல்ல போவாங்க. உயர்த்துற வார இறுதிக்கு மட்டும் ஆள் பெயரும் நேரமும் எழுத்துல உறுதி வாங்குங்க. புயல் காலத்துல அந்த வார இறுதியை வைக்காதீங்க, நவம்பர்லேருந்து மே நடுவரைக்கும் வேண்டாம். எபென்காரங்க நேர்ல வருவாங்கன்னு எழுதியிருக்காங்களே, மூணாம் வகுப்புப் புயல் எச்சரிக்கை வந்தா அவங்களும் வீட்டுலதான் இருப்பாங்க.

#15 வால்_வாசகன்

அதற்காக உள்ளூர்க்காரரைத் தள்ளவும் வேண்டாம். டிஸ்க் மாற்றுவது, என்ஏஎஸ், யுபிஎஸ், வேறு கட்டடத்தில் நகல் வைப்பது, மாதம் ஒருமுறை ரீஸ்டோர் செய்து நேரம் குறிப்பது, இவற்றைப் பாரிஸிலிருந்தோ சென்னையிலிருந்தோ செய்வது கடினம். ரீஸ்டோர் செய்த நகலில் ஆம்செக் ஓட்டி இண்டெக்ஸ் சரியா என்று பார்க்கவும், நேற்றைய கடைசி பில் எண் இருக்கிறதா என்று தேடவும் சொல்லுங்கள். லாகில் 'வெற்றி' என்று இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது.

எந்த நிறுவனமானாலும் கையெழுத்துக்கு முன் ஒரு சோதனைக் கேள்வி கொடுங்கள். மதிப்பீட்டில் 1 வரி, உண்மையில் 4 லட்சம் வரி என்று வரும் ஒரு எக்ஸ்ப்ளெயினை அனுப்பிப் பாருங்கள். "ரேம் கூட்டுங்கள்" என்று பதில் வந்தால் முதல் வரிசையில் இருப்பவருக்கு எக்ஸ்ப்ளெயின் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் மறுபடி தேடும் நெஸ்டட் லூப்பைச் சுட்டிக்காட்டி, அந்த இரண்டு நெடுவரிசைகளும் ஒன்றையொன்று சார்ந்தவையா, எக்ஸ்டெண்டட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் உருவாக்கலாமா என்று திருப்பிக் கேட்டால் நம்பலாம்.

#16 ரோஸ்ஹில்_ரகு

இதுவரை யாரும் தொடாதது: தரவு வெளிநாட்டுக்காரர் கண்ணில் படுவது. 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனிநபர் தரவு கசிந்தால் முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். தரவை நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்கும் நிபந்தனைகள் உண்டு. சப்போர்ட்டுக்கு அனுப்பும் லாக் ஃபைலும் இதில் அடங்கும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மெதுவான குவெரி லாகில் வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை எண், போன் எல்லாம் அப்படியே இருக்கும். போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து லாக்_பாராமீட்டர்_மேக்ஸ்_லெங்த் 0 வைத்தால் பைண்ட் மதிப்புகள் (குவெரியோடு தனியாக அனுப்பப்படுபவை) லாகில் விழாது. குவெரிக்குள்ளேயே ஒட்டி எழுதிய மதிப்புகளை அது மறைக்காது.

அவர்களுக்கு சூப்பர்யூசர் கொடுக்காதீர்கள். பிஜி_மானிட்டர் ரோல் போதும், காலாவதித் தேதியோடு தனி லாகின், விபிஎன் வழியாக மட்டும். அந்த ரோலால் டேபிள்களைப் படிக்க முடியாது, ஓடும் குவெரியின் எழுத்து வடிவமும் சர்வர் புள்ளிவிவரங்களும் தெரியும். அதற்கு மேல் தேவைப்பட்டால் உங்கள் டெவலப்பர் கையால், திரைப் பகிர்வில். தரவு செயலாக்க ஒப்பந்தம் தனியாகக் கையெழுத்தாக வேண்டும், கொட்டேஷனின் பின்பக்கத்தில் ஒரு வரி போதாது.

#17 கியூர்பீப்_மழை

தமிழ்ப் பெயர்கள் பற்றியும் யாராவது சொல்லுங்களேன். கோவில் உறுப்பினர் பட்டியலை இதே சர்வரில் வைக்கச் சொல்கிறார்கள். வரிசைப்படுத்தினால் 'ஜெயா' 'சரவணன்'-க்கும் 'ஞானம்'-க்கும் நடுவே நிற்கிறார்.

#18 பழைய_ஆரக்கிள்

சி கொலேஷனில் (எழுத்து வரிசை விதி) இருக்கிறீர்கள், யூனிகோட் எண் வரிசையில் அடுக்குகிறது. போஸ்ட்கிரெஸில் அந்த ஆர்டர் பையோடு கொலேட் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' போடுங்கள், அகராதி வரிசை வரும், கிரந்த எழுத்துகள் கடைசிக்குப் போகும். தேடலில் கிடைக்காத பெயர்களும் இருக்கும்: 'கோ'-வின் ஓகாரக் குறியைச் சில பழைய மென்பொருள்கள் இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகச் சேமிக்கும், சில ஒரே குறியாக. கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு வேறு. உள்ளே ஏற்றும்போதே நார்மலைஸ் ஃபங்ஷனால் என்எஃப்சி (ஒரே குறியாகச் சேர்த்த வடிவம்) ஆக்கிவிடுங்கள். அது 13-லிருந்துதான் உண்டு.

நெடுவரிசை நீளமும் பாருங்கள். 'கோவிந்தன்' பார்வைக்கு 5 எழுத்து, யூனிகோடில் 9 குறி, யுடிஎஃப்-8-இல் 27 பைட். போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் 9 என்று எண்ணும். ஆரக்கிளில் வார்கார்2 20 என்று மட்டும் எழுதினால் இயல்பாக அது 20 பைட், கோவிந்தன் உள்ளே நுழைய மாட்டார். எஸ்கியூஎல் சர்வரில் என்வார்கார் வைத்தாலும் மேற்கோள் குறிக்கு முன் 'என்' எழுத்து போட மறந்தால் கேள்விக்குறிகள்தான் சேமிப்பாகும், அவற்றிலிருந்து பெயரை மீட்க வழியே இல்லை.

#19 மொகா_மணி

நிர்வாகத்துக்கு எழுதியது இது. ஆரக்கிள் பேச்சை விடுவது. எபென் நிறுவனத்திடம் சர்வர் அறையை மேல்தளத்துக்கு மாற்றுவதும் மாத ரீஸ்டோர் சோதனையும். சென்னையின் 60 மணியில் பேக்கப் அமைப்பு, மைஎஸ்கியூஎல் 8.4, போஸ்ட்கிரெஸ் 18, இந்த வரிசையில், ஜூன் மாதம். பிரான்ஸ் சந்தாவை உயர்த்தலுக்குப் பிறகு போஸ்ட்கிரெஸ் சர்வருக்கு மட்டும். மூவருக்கும் சோதனை எக்ஸ்ப்ளெயின் நாளை போகிறது.

#20 வால்_வாசகன்

ரெப்ளிகா வைத்தால் அதையும் சர்வர் எண்ணிக்கையில் சேர்ப்பார்களா என்று பிரான்ஸ்காரரிடம் கேளுங்கள். சிலர் காத்திருக்கும் ரெப்ளிகாவுக்குக் காசு வாங்குவதில்லை, சிலர் முழுதாக வாங்குவார்கள். 18-க்குப் போகும் முன் எல்லா டிரைவர்களும் ஸ்க்ராம் பாஸ்வேர்டு முறையை அறியுமா என்று பாருங்கள். பழைய எம்டி5 முறையை 18 இன்னும் ஏற்கும், ஆனால் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றி எழுதினால்தான் ஸ்க்ராமாகச் சேமிப்பாகும், அமைப்பை மட்டும் மாற்றினால் பழையவை எம்டி5-ஆகவே கிடக்கும்.